அக்கா உரலில் இடித்த சீமெந்து

அந்த மாரிமழைக்கு முன்னர் எங்கள் குடும்பத்தில் யாருக்காவது விசர் பிடித்திருக்கிறது என்றால் அது எனக்குத்தான் என்று எல்லாரும் ஒருமனதாகத் தீர்மானித்திருந்தார்கள். வளவு முழுக்க நஞ்சைத் தூளாக்கிப் பறக்க விட்டவர்கள் தெளிந்த புத்திக்காரர்கள். அதை நிற்பாட்டச் சொன்ன நான் விசரன். இவ்வளவு காலம் கழித்து எழுதும்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அக்கா உரும்பிராயில் வாழ்க்கைப்பட்டவள். நானும் மனைவியும் அரியாலையில் இருந்தோம். சண்டைக்காலம், அரசாங்கம் எங்கள் பகுதிக்குப் பொருளாதாரத் தடை போட்டிருந்தது. சீமெந்து, இரும்பு, மண்ணெண்ணெய், பற்றரி என்று வராத சாமான்களின் பட்டியல் நீளம். தடையில்லாமல் வந்தது ஷெல் ஒன்றுதான். அப்படி வந்த ஒன்று அக்கா வீட்டு முற்றத்தில் விழுந்தது. அக்காவும் அத்தானும் பங்கருக்குள் இருந்ததால் ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் முன்ஹோல் சுவரில் ஒரு மாடு நுழையக்கூடிய ஓட்டை. அதற்கு மேலேயிருந்த அஸ்பெஸ்டஸ் சீற்றுகளில் அரைவாசி நொறுங்கி நிலத்தில் கிடந்தன. மிச்சம் வெடிப்பு விழுந்து கூரைமரத்தில் தொங்கின.

அக்காவுக்குச் சின்ன வயதிலிருந்தே முட்டு. மாரி பிறந்து சுவரில் ஈரம் ஏறிவிட்டால் படுக்க முடியாது. தலையணைகளை அடுக்கி, சாய்ந்தபடி இருந்து, மூச்சை இழுத்து இழுத்து விடுவாள். பக்கத்து அறையில் இருக்கிறவனுக்கும் நெஞ்சு நோகும். ஆஸ்பத்திரியில் மருந்து இருக்கிற நாளும் உண்டு, இல்லாத நாளும் உண்டு. ஆகவே மழைக்கு முன்னம் சுவரை அடைத்தே ஆக வேண்டும் என்று அத்தான் ஒற்றைக்காலில் நின்றார். அதில் அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. குறை, அவர் அதை அடைக்கப் புறப்பட்ட விதத்தில்.

நான் ஊருக்குத் திரும்பி வர முன்னர் சில வருடங்கள் வளைகுடாவில் கப்பல் திருத்துகிற ஒரு தளத்தில் வேலை செய்தவன். பழைய கப்பல்களின் கொதிகலன்களையும் குழாய்களையும் சுற்றியிருக்கிற அஸ்பெஸ்டஸ் போர்வையை உரிக்கிற பகுதி. அங்கே எங்களுக்கு மேலே இருந்த ஒருவன் நாள் முழுக்கத் திட்டிக்கொண்டே இருப்பான். நனை, உடைக்காதே, முகமூடியைக் கழற்றாதே. அவன் வாயில் வேறு வார்த்தை வந்து நான் கேட்டதில்லை. முதலில் எரிச்சலாக இருந்தது. பிறகு அந்த வேலையில் முதிர்ந்த ஒரு மலையாளத்துக்காரரைப் பார்த்தேன். உணவுக்கூடத்துக்கு ஏறுகிற படிக்கட்டில் பாதியில் நின்று, கைபிடியைப் பிடித்துக்கொண்டு, திறந்த வெளியில் காற்றுக்கு ஏங்கிக்கொண்டிருந்தார். அவர் வாலிபத்தில் சுவாசித்த தூளாம். கண்ணுக்குத் தெரியாத ஊசி மாதிரி உள்ளே போய்க் குத்திக்கொண்டு, இருபது முப்பது வருடம் சத்தம் போடாமல் கிடந்துவிட்டுத்தான் வேலையைக் காட்டுமாம். அதன் பிறகு அந்தத் திட்டு எனக்கு எரிச்சலாக இருக்கவில்லை.

ஷெல் விழுந்த சேதி கேட்டுச் சைக்கிளில் உரும்பிராய்க்குப் போனேன். படலையைத் திறக்கும்போதே உலக்கைச் சத்தம் கேட்டது. வீடு இடிந்து கிடக்கிறது, இந்த மனுசி மா இடிக்கிறாளே, பிட்டுக்கு இவ்வளவு அவசரமா என்று நினைத்துக்கொண்டு பின்பக்கம் போனேன்.

அக்கா நின்றாள். தலைமயிர், புருவம், சட்டை எல்லாம் சாம்பல் பூத்திருந்தது. உரலுக்குள் மா இல்லை. நொறுங்கிய சீற்றுத் துண்டுகள். பக்கத்தில் பாயை விரித்து, இடித்ததை அரிதட்டில் அரித்துக் குவித்து வைத்திருந்தாள். அத்தான் அடுப்பை மூட்டித் தாச்சியில் அந்தத் தூளை வறுத்துக்கொண்டிருந்தார். அரிசிமா வறுக்கிற அதே பக்குவத்தோடு, அகப்பையால் கிளறிக் கிளறி.

நான் கத்தினேன்.

"அக்கா! உலக்கையை விடு! என்ன செய்யிறியள் ரெண்டு பேரும்?"

"ஏனடா கத்துறாய்? சீமெந்து இடிக்கிறம்."

அத்தான் பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பிக்கிறவர். எதையும் நிறுவிக் காட்டாமல் விடமாட்டார். அகப்பையை அசைத்தபடி நிறுவத் தொடங்கினார்.

"தம்பி, ஆறுதலாக் கேள். இந்தச் சீற் எதாலை செய்தது? சீமெந்தாலை. தடை எதுக்கு? சீமெந்துக்கு. அப்ப சீற்றை இடிச்சா வாறது என்ன? சீமெந்து. கடைக்காரனும் தேவையில்லை, ஒருத்தனும் தேவையில்லை. ஈரம் பிடிச்சு இறுகின சாமான், வறுத்தா ஈரம் போய்ப் பழைய குணம் வந்திடும். சுண்ணாம்போடை கலந்து பூசினா சுவர் கல்லு மாதிரி நிக்கும்."

ஒழுங்கையில் ஏற்கெனவே இரண்டு மூன்று வீட்டுக்காரர் வந்து பார்த்துவிட்டுப் போனார்களாம். நல்ல யோசனை மாஸ்டர் என்று சொன்னார்களாம். தங்கள் வளவில் கிடக்கிற உடைந்த சீற்றுகளைப் பொறுக்கப் போய்விட்டார்களாம். அதைச் சொல்லும்போது அத்தானின் முகத்தில் தெரிந்த பூரிப்பை நான் மறக்கமாட்டேன். அவருடைய மூக்கு நுனியிலும் தூள்.

அத்தான், அது சீமெந்து மட்டும் இல்லை, அதுக்குள்ளை நார் இருக்கு, அந்த நார்தான் நஞ்சு என்று தொடங்கினேன். கப்பல் தளத்தைச் சொன்னேன். படிக்கட்டில் நின்றவரைச் சொன்னேன். முழுச் சீற்றாகக் கூரையில் கிடக்கும்வரை பெரிதாக ஒன்றும் செய்யாது, உடைத்தால், இடித்தால், அறுத்தால்தான் அது எமன் என்றேன். இரண்டு பேரும் பொறுமையாகக் கேட்டார்கள். எங்கள் ஆட்களிடம் ஒரு பழக்கம் இருக்கிறது. சொல்வதை மறுக்கமாட்டார்கள். "ஓம், ஓம்" என்பார்கள். அந்த ஓமுக்கு அர்த்தம், நீ சொல்லி முடி, நாங்கள் எங்கள் வேலையைப் பார்க்க வேண்டும் என்பது.

"அந்த ஆளின்ரை நெஞ்சு வேறை, எங்கடை நெஞ்சு வேறையோ? அதுவும் உனக்கு முட்டு இருக்கெல்லே அக்கா!" என்றேன்.

"ஓமடா, அதுக்குத்தானே இடிக்கிறம். சுவர் அடையாட்டி ஈரத்திலை எனக்கு இழுக்குமெல்லே" என்றாள் அக்கா.

இதற்கு என்ன சொல்வது? அத்தான் அக்காவின் நெஞ்சுக்காகத் தூளை வறுக்கிறார். நான் அக்காவின் நெஞ்சுக்காகத் தூளை நிற்பாட்டுகிறேன். நெஞ்சுக்குச் சொந்தக்காரி உலக்கையோடு நிற்கிறாள்.

உலக்கையைப் பறித்தேன். வாளியில் தண்ணீர் அள்ளி வந்து உரலுக்குள்ளும் குவியல் மேலும் ஊற்றினேன். காலையிலிருந்து பட்ட பாடெல்லாம் கூழாய்ப் போனதைப் பார்த்து அத்தான் அகப்பையை எறிந்துவிட்டு உள்ளே போனார். போகும்போது, "வெளிநாட்டுக்குப் போய் வந்தா உப்பிடித்தான்" என்று சுவருக்குச் சொன்னார்.

அன்றைக்குப் பின்னேரம் ஒரு சமரசத்துக்கு வந்தோம். ஒரு மேசனைப் பிடித்து, சுவரைச் செம்மண்ணும் சுண்ணாம்பும் குழைத்து அடைப்பது. கூரைக்குத் தென்னோலைக் கிடுகு. உடைந்த சீற்றுகளை நனைத்து நனைத்து இறக்கி, பின்வளவில் கிடங்கு வெட்டிப் புதைப்பது. அதுவரை அக்கா எங்கள் வீட்டுக்கு, அரியாலைக்கு வந்து நிற்பது. முதல் மூன்றுக்கும் அத்தான் முனகிக்கொண்டு சம்மதித்தார். கடைசிக்கு அக்கா சம்மதிக்கவில்லை.

"நான் போனா இவருக்கும் மேசனுக்கும் ஆர் சமைக்கிறது? விசர்க்கதை கதையாதை."

அவளை வீட்டை விட்டு அப்புறப்படுத்துவதுதான் எல்லாவற்றிலும் முக்கியம் என்று நான் எத்தனை விதமாகச் சொல்லியும் ஏறவில்லை. மேசனுக்குச் சோறு போடாமல் விடுவது, அவளைப் பொறுத்தவரை, ஷெல்லைவிடப் பெரிய குற்றம்.

பிறகு தொடங்கியது வேலை. எனக்கு ஆக்கினையும் தொடங்கியது. மேசன் நல்ல மனுசன். சொன்னதற்கெல்லாம் தலையாட்டினார். நனைத்த துவாயை மூக்கையும் வாயையும் மூடிக் கட்டச் சொன்னேன். கட்டினார். நான் ஏணியைப் பிடிக்கத் திரும்பியதும் அது கழுத்துக்கு இறங்கிவிட்டது.

"அண்ணை, துவாய்!"

"தம்பி, வாயைக் கட்டினா வெத்திலையை எங்காலை துப்புறது?"

"அப்ப வெத்திலையை விடுங்கோ."

அவர் என்னைப் பார்த்த பார்வையில் உண்மையான அனுதாபம் இருந்தது. பாவம், இவ்வளவு இளம் வயதில் இப்படி ஆகிவிட்டதே என்பது போல.

அத்தான் துவாயைத் தலைப்பாகையாகக் கட்டிக்கொண்டார். வெயிலுக்கு நல்லதாம். ஆணியைக் கழற்றிச் சீற்றை முழுசாக இறக்குங்கள் என்று நான் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அலவாங்கால் ஒரு தட்டுத் தட்டுவார். அது நிலத்தில் விழுந்து சிதறும். "தானா விழுந்திட்டுது" என்பார். தண்ணீர் ஊற்றுங்கள் என்றால், கிணற்றில் வாளியால் அள்ளுகிற தண்ணீர், இறைக்கிற மெஷினுக்கு மண்ணெண்ணெய் இல்லை, மிளகாய்க் கன்றுக்கு ஊற்றுவதா, உடைந்த சீற்றுக்கு ஊற்றுவதா என்று கேட்பார். கடைசியில் நானே அள்ளினேன். கை கொப்பளித்துப் போனது. அப்படி நனைத்து வைத்த இடத்தை, நான் தேத்தண்ணி குடிக்கப் போன நேரத்தில், வெயிலில் காய்ந்துவிட்டது என்று மேசன் தும்புத்தடியால் விறுவிறென்று கூட்டினார். மாலை வெயிலில் அந்தத் தூள் எழும்பி, அழகாக, குசினிப் பக்கம் போனது. குசினிக்குள் அக்கா.

அக்காவோ அதற்கு மேல். வேலை உடுப்புகளைத் தனியாக வையுங்கள், உதற வேண்டாம், தண்ணீருக்குள் அமிழ்த்துங்கள் என்று பாடம் போலச் சொல்லியிருந்தேன். சவர்க்காரம் தட்டுப்பாடு. ஆகவே தூளை முதலில் உதறிவிட்டால் சவர்க்காரம் மிச்சம் என்று அவள் சாரங்களைக் கொடியடியில் நின்று படீர் படீரென்று உதறினாள். உதறிவிட்டு இருமினாள். "பாத்தியோ, ஒரு சொட்டு ஊத்தை இல்லை" என்று எனக்குக் காட்டினாள். எனக்கு அழுகைதான் வந்தது. ஆனால் நான் அழவில்லை, கத்தினேன். கத்திக் கத்தித் தொண்டை கட்டியதுதான் மிச்சம்.

உரலைப் பற்றியும் சண்டை வந்தது. மர உரல். இடித்த நார் மரத்தின் வெடிப்புக்குள் போயிருக்கும், அதில் இனி மா இடிக்கக் கூடாது, அதையும் புதைக்க வேண்டும் என்றேன்.

"உரலைப் புதைக்கவோ? மில்லும் ஓடேல்லை. மாவை உன்ரை தலையிலையோ இடிக்கிறது?" என்று அக்கா கேட்டாள்.

"இஞ்சரும், உவனுக்கு ஒரு கிடங்கு வெட்டினாக் காணும். எங்கடை கரைச்சல் எல்லாம் தீந்திடும்" என்றார் அத்தான் அவளிடம். மேசன் ஏணியில் நின்று சிரித்தார்.

நான் உரலை உருட்டிக் கொண்டுபோய் வேலியடியில் விட்டேன். அடுத்தமுறை நான் போனபோது அது கழுவப்பட்டு, வெயிலில் காய்ந்து, பழைய இடத்திலேயே இருந்தது.

அன்றைக்குத்தான் குண்டு போடுகிற பொம்மர் வந்தது. காலை நேரம். கடைசிச் சீற்றுகளைக் கிடங்குக்குக் கொண்டுபோய்க்கொண்டிருந்தோம். தூரத்தில் இரைச்சல் கேட்டதும் மேசன் ஏணியிலிருந்து குதித்து, பக்கத்து வளவிலிருந்த தன் தமையன் வீட்டுப் பங்கருக்கு ஓடினார். நாங்கள் மூன்று பேரும் எங்கள் பங்கருக்குள் இறங்கினோம். பனங்குற்றி அடுக்கி மண்மூட்டை போட்ட பங்கர். குந்தி இருந்தால் முழங்கால் மற்றவனின் முழங்காலில் முட்டும்.

உள்ளே வந்த வேகத்தில் மூன்று பேரின் உடுப்பிலிருந்தும் தூள் எழும்பியது. வாசலால் விழுந்த வெளிச்சத்தில் அது மிதப்பது தெரிந்தது. அக்கா இழுக்கத் தொடங்கினாள். ஓடி வந்த களைப்பும் பயமும் சேர்ந்து நெஞ்சு விசில் அடித்தது. என் கழுத்திலிருந்த ஈரத் துவாயை அவிழ்த்து அவள் முகத்தைச் சுற்றிக் கட்டப் போனேன்.

அத்தானுக்குப் பொறுமை போய்விட்டது.

"உனக்கு மூளை இருக்கோடா? அவ மூச்சுக்குக் கஷ்டப்படுறா, நீ மூக்கைக் கட்டுறாய்! மேலை பொம்மர் சுத்துது. இன்னும் ரெண்டு நிமிசத்திலை இருக்கிறமோ தெரியாது. இவர் இருபது வருசத்துக்குப் பிறகு வாற வருத்தத்துக்குத் துவாய் கட்டுறார்! இருபது வருசமாம்! ஆரடா இஞ்சை இருபது வருசத்துக்கு இருக்கப் போறது?"

எங்கோ கிட்டத்தில் குண்டு விழுந்தது. நிலம் அதிர்ந்தது. குற்றிகளுக்கிடையிலிருந்து மண் கொட்டுண்டது. மூன்று பேரும் தலையைக் குனிந்தபடி இருந்தோம். இரைச்சல் வட்டமடித்துக் கொஞ்சம் தள்ளிப் போனது.

அப்போது அக்கா என் கையிலிருந்த துவாயை வாங்கினாள். தானே மூக்கின் மேல் இழுத்துக் கட்டினாள். துணிக்குள்ளால், மூச்சு வாங்கிக்கொண்டு, விட்டு விட்டுச் சொன்னாள்.

"அவனை ஏசாதையுங்கோ. நீங்கள் இந்த மாரியைத்தான் யோசிக்கிறியள். நானும் அப்பிடித்தான். விடிஞ்சா ஒரு நாள் எண்டு நினைக்கிறன். இவன் ஒருத்தன்தான் நான் கிழவியாகிறதைப் பற்றிச் சண்டை பிடிக்கிறான்."

இத்தனை நாளாக நான் வருத்தத்தைப் பற்றிக் கத்திக்கொண்டிருப்பதாகத்தான் நினைத்திருந்தேன். அவளுக்குக் கேட்டது வேறு ஒன்று. கண் கலங்கிவிட்டது. தூள் என்று சமாளிக்கவும் முடியவில்லை, அதுவும் என் வாயால்.

பொம்மர் போன பிறகு வெளியே வந்தோம். அத்தான் நேரே கிணற்றடிக்குப் போனார். தலைப்பாகையை அவிழ்த்து வாளியில் தோய்த்து, முறுக்கி, முகத்தில் கட்டிக்கொண்டு வந்தார். முதன்முறையாக ஒழுங்காக, மூக்குக்கு மேலே.

"உது காணுமோடா?"

நான் பொய் சொல்லியிருக்கலாம். சொல்ல மனம் வரவில்லை.

"காணாது அத்தான். இதுக்கெண்டு செய்த முகமூடி வேணும். இஞ்சை இதுதான் இருக்கு."

கொஞ்ச நேரம் யோசித்தார். அவர் யோசித்ததை நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. மற்ற நேரமெல்லாம் நிறுவுவார்.

"அப்ப நீ அக்காவை ஏத்திக்கொண்டு அரியாலைக்குப் போ. இப்பவே போ. சமையலை நாங்கள் பாப்பம். எல்லாத்தையும் கிடங்கிலை தாட்டு மூடி, கழுவி, சுவரும் பூசினாப் பிறகு நான் வந்து கூட்டிக்கொண்டு வாறன். உரலும் கிடங்குக்குள்ளைதான் போகுது, அவவுக்குச் சொல்லாதை."

அக்கா அடுப்பில் உலை கொதிக்கிறது என்றாள். மேசனுக்குக் குழம்பு வைக்கவில்லை என்றாள். அத்தான் அவளுடைய பையைக் கொண்டுவந்து சைக்கிளின் கைபிடியில் கொழுவிவிட்டு, தானே படலையைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். வழி முழுக்க அவள் பின்கரியரில் இருந்து அந்தக் குழம்பைப் பற்றியே கதைத்துக்கொண்டு வந்தாள். எனக்கு அது அவ்வளவு சந்தோசமாக இருந்தது.

அந்த மாரிக்குச் செம்மண் சுவர் ஒரு பக்கம் கரைந்தது. அத்தான் திரும்பத் திரும்பப் பூசினார். உரலுக்கு என்ன நடந்தது என்று அக்கா கண்டுபிடித்து ஒரு மாதம் என்னோடு கதைக்கவில்லை. பிறகு தொண்ணூற்றைந்தில் சண்டை நெருங்கி வர, ஊரோடு எல்லாரும் அந்த வீட்டையும் சுவரையும் விட்டுவிட்டு நடந்தோம். அதெல்லாம் வேறு கதை.

இருபது வருடமும் போய், அதற்கு மேலும் போய்விட்டது. அத்தான் போன வருடம் காலமானார், நித்திரையில், நெஞ்சில் ஒரு குறையுமில்லாமல். அக்கா இப்போது எங்களோடு இருக்கிறாள். முழுக் கிழவி. அவளுடைய முட்டு மாரிக்கு வரும், பனிக்கு வரும். எது பழைய முட்டு, எது உரலில் இடித்த அந்தக் காலையின் மிச்சம் என்று எனக்கு ஒருபோதும் தெரியப்போவதில்லை. குசினியில் அவள் இருமினால் நான் பேப்பரைக் கீழே வைத்துவிட்டுச் செவியைக் கொடுப்பேன். எதுவும் கேட்கமாட்டேன். ஆனால் அவளுக்குத் தெரியும்.

"மிளகாய் வறுக்கிறனடா," என்று உள்ளேயிருந்து குரல் வரும். "பேப்பரைப் படி."